‘ஹயர்’ என்ற சொல்லை வேலை விஷயத்தில் எப்படிப் பயன்படுத்துவது? முழுமையான வழிகாட்டி

சனி, ஞாயிறு காலையில் இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை, போன வருடம் ஒரு விண்ணப்பக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டியது. ஏ.எல். முடித்துவிட்டு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு எழுதிய கடிதம். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. முதல் வரியைப் படித்ததும் சிரிப்பை அடக்க வேண்டியதாகிவிட்டது. ‘ஐ வாண்ட் டு ஹயர் யுவர் ஹோட்டல்.’ உங்கள் ஹோட்டலில் வேலைக்குச் சேர விருப்பம் என்று எழுத நினைத்திருக்கிறாள். எழுதியிருப்பதோ, உங்கள் ஹோட்டலை வாடகைக்கு எடுக்க விருப்பம் என்று. கல்யாண வீட்டுக்காரர்கள் எழுத வேண்டிய கடிதம் அது.

அவளைக் குறை சொல்ல முடியாது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ‘இன்னைக்கு மூணு ஹயர்தான் ஓடுச்சு’, ‘தலவாக்கலைக்கு ஒரு ஹயர் இருக்கு, சாப்பாட்ட மூடி வை’ என்று நாள் தவறாமல் காதில் விழுந்து வளர்ந்த சொல். ஹயர் கிடைத்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும். வேலை கேட்கும் கடிதத்தில் அதே சொல்லைப் போட்டது அவளுக்கு இயல்பாகத்தான் பட்டிருக்கும். தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் நம்மை அதிகம் தடுக்கி விழவைக்கிறது. அதனால் இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து, படிப்படியாகப் போவோம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள்.

படி 1: நம்முடைய ஹயரைத் தனியாக எடுத்து வையுங்கள்

இங்கிலீஷ் சொற்கள் மலை ஏறி வரும்போது உருவமும் மாறும், பொருளும் மாறும். கான்ட்ராக்ட் என்பது தேயிலைத் தோட்டத்தில் ‘கொந்தரப்பு’ ஆனது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் ‘பெரட்டு’, பரேட் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஹயருக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். உருவம் மாறவில்லை, பொருள் மட்டும் சுருங்கிவிட்டது. நம் வாயில் அது ஒரு பெயர்ச்சொல்: ஹயர் வரும், ஹயர் போகும், ஹயர் ஓடும், ஹயர் பிடிக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே பொருள், வாடகைக்குப் போகும் ஒரு பயணம்.

ஆங்கிலத்தில் அந்தப் பயணத்துக்கு ஹயர் என்று பெயர் இல்லை. நானு ஓயா ஸ்டேஷனில் இறங்கும் வெள்ளைக்காரரிடம் ஒரு ஆட்டோக்காரர் ‘ஐ ஹாவ் எ ஹயர்’ என்றால், அவர் ஏதோ புரியாமல் தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவார். ‘ஐ ஹாவ் அனதர் பாசஞ்சர்’ என்றோ ‘சாரி, ஐ ஆம் புக்ட்’ என்றோ சொன்னால் விஷயம் முடிந்தது. ஆங்கிலத்தில் ஹயர் முக்கியமாக ஒரு வினைச்சொல். யாரோ, யாரையோ அல்லது எதையோ, ஹயர் செய்கிறார்கள். இந்த மாற்றம் மண்டையில் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 2: அடிப்படைப் பொருளைப் பிடியுங்கள்

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பெயர்ச்சொல் வடிவத்துக்குப் பொருள் கூலி, சம்பளம். அதிலிருந்து வந்த வினை: கூலி கொடுத்து ஒன்றைப் பயன்படுத்திக்கொள்வது. அது ஆளாகவும் இருக்கலாம், பொருளாகவும் இருக்கலாம். ஆளானால் ‘வேலைக்கு எடுப்பது’, பொருளானால் ‘வாடகைக்கு எடுப்பது’. தமிழில் இரண்டு சொல் தேவைப்படும் இடத்தில் ஆங்கிலம் ஒன்றை வைத்தே ஓட்டுகிறது.

இங்கே ஒரு நாட்டு வித்தியாசம் உண்டு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஆளையும் ஹயர் பண்ணலாம், காரையும் ஹயர் பண்ணலாம், கல்யாணத்துக்கு மண்டபம், கதிரை, சவுண்ட் செட் எல்லாவற்றையும் ஹயர் பண்ணலாம். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஆளுக்குத்தான் ஹயர் என்பார்கள், காருக்கு ‘ரெண்ட்’. நாம் பிரிட்டிஷ் வழியில் வந்தவர்கள், அதனால்தான் ‘ஹயருக்கு வேன்’ என்ற வழக்கம் இங்கே ஒட்டிக்கொண்டது. ஆனால் இரண்டு நாட்டிலும், மாதக் கணக்கில் குடியிருக்க எடுக்கும் வீட்டுக்கு ஹயர் கிடையாது, ரெண்ட்தான். ‘ஐ ஹயர்ட் எ ஹவுஸ் இன் கொட்டகலை’ என்று எழுதாதீர்கள்.

‘ஹயர் பர்ச்சஸ்’ என்று ஒன்று உண்டு, தவணைக் கொள்வனவு. கடைசித் தவணை கட்டும் வரை பொருள் உங்கள் கையில் வாடகைக்கு இருக்கிற மாதிரிதான், அதற்குப் பிறகே சொந்தம். அந்தப் பெயரில் ஏன் ஹயர் வந்தது என்பது இப்போது விளங்கியிருக்கும். அவ்வளவுதான், வாகனத்தை விட்டு இறங்கி ஆளுக்கு வருவோம்.

படி 3: யார், யாரை?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஹயர் செய்வது சம்பளம் கொடுக்கிறவர். ஹயர் செய்யப்படுவது வேலை செய்கிறவர். வாக்கியத்தின் முதலில் சம்பளம் கொடுக்கிறவர் நிற்பார், அப்புறம் வினை, அதன் பின்னால் வேலை செய்கிறவர்.

‘த ஹோட்டல் ஹயர்ட் மை சிஸ்டர்.’ ஹோட்டல்காரர்கள் என் தங்கச்சியை வேலைக்கு எடுத்தார்கள்.

இடத்தை மாற்றினால் பொருளும் தலைகீழ். ‘மை சிஸ்டர் ஹயர்ட் த ஹோட்டல்’ என்றால் தங்கச்சி ஹோட்டலையே வாடகைக்கு எடுத்துவிட்டாள். தமிழில் ‘ஐ’ உருபு இருக்கிறது. ‘தங்கச்சியை ஹோட்டல் எடுத்தது’, ‘ஹோட்டல் தங்கச்சியை எடுத்தது’, எப்படிப் புரட்டிப் போட்டாலும் யார் யாரை என்பது உருபில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. இடம்தான் உருபு. நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு இதுதான் வேர் என்பது என் எண்ணம்.

அடுத்தது அதைவிட நுட்பமானது. நம்மைப் பற்றி நாம் சொல்லும்போது தமிழில் யாரும் ‘நான் வேலைக்கு எடுக்கப்பட்டேன்’ என்பதில்லை. ‘எனக்கு வேலை கிடைச்சிருச்சு’ என்போம், அல்லது ‘நான் வேலையில சேர்ந்துட்டேன்’. வேலை நம்மைத் தேடி வருகிறது, அல்லது நாம் வேலையில் போய்ச் சேர்கிறோம்; எடுத்தவர் வாக்கியத்தில் இல்லவே இல்லை. இந்த மனதோடு ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஐ ஹயர்ட் இன் எ பேங்க்’ என்று வந்துவிடுகிறது. அது பிழை. ‘ஐ வாஸ் ஹயர்ட் பை எ பேங்க்’ சரி. பேச்சில் ‘ஐ காட் ஹயர்ட்’ என்பதும் சரிதான்.

ஆனால் நான் வகுப்பில் சொல்வது வேறு. உங்களைப் பற்றிப் பேசும்போது ஹயரை விட்டுவிடுங்கள். ‘ஐ காட் த ஜாப்’ என்பது ‘எனக்கு வேலை கிடைச்சிருச்சு’ என்பதோடு அப்படியே பொருந்தும். ‘ஐ ஜாயின்ட் த கம்பனி இன் 2021’ என்பது ‘2021இல் சேர்ந்தேன்’. இரண்டும் நல்ல ஆங்கிலம், பிழை விட இடமும் குறைவு. ஹயர் என்பதை எடுக்கிறவர் பக்கத்திலிருந்து பேசும்போது வையுங்கள்: ‘தே ஆர் ஹயரிங்’, ‘தே ஹயர்ட் டூ கேர்ள்ஸ் ஃப்ரம் அவர் எஸ்டேட்’.

அந்தப் பிள்ளையின் கடிதத்தில் நாங்கள் மாற்றியது இந்த ஒரு இடத்தைத்தான். ‘ஐ வுட் லைக் டு வேர்க் அட் யுவர் ஹோட்டல்.’ ஹயர் என்ற சொல்லே இல்லை. “அப்ப அந்தச் சொல்ல எங்க சேர் போடுறது?” என்று கேட்டாள். ‘நீ போட வேண்டாம், அவங்க போடுவாங்க’ என்றேன்.

படி 4: வாயில் வரவேண்டிய விதம்

ஹட்டனையே அட்டன் என்கிற ஊர் நம்முடையது. ‘ஹ’ நமக்குச் சுலபமாக நழுவிப் போகும். ‘அயர்’ என்று சொல்லிப் பாருங்கள், தமிழில் அயர்ச்சி வந்து உட்காருகிறது. ஆங்கிலத்திலோ அந்த ஒலிக்குக் கோபம் என்று பொருள். வேலை தருகிறவர் முன்னால் இரண்டுமே ஆகாது. ஹ-வை மூச்சோடு சொல்லுங்கள்.

இறந்த காலம் ‘ஹயர்ட்’. கடைசியில் மெல்லிய ஒரு தட்டல், அவ்வளவுதான். ‘ஹயரெட்’ என்று இழுக்கக் கூடாது. உயர்ந்த என்ற பொருளில் வரும் ஹையரும் காதுக்கு ஏறக்குறைய இதேதான். ஹையர் டிப்ளோமாவில் வருவது வேறு சொல், எழுத்துக்கூட்டும் வேறு. கடிதத்தில் இரண்டையும் மாற்றி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: நான்கு அச்சுகள்

முதல் அச்சு: ஹயர், அதன் பின் ஆள். ‘தே ஹயர்ட் எ நியூ குக்.’

இரண்டாவது: எந்தப் பதவிக்கு என்று சொல்ல ‘ஆஸ்’. ‘தே ஹயர்ட் ஹர் ஆஸ் எ கேஷியர்.’ காசாளராக என்பதில் வரும் ‘ஆக’தான் இந்த ஆஸ்.

மூன்றாவது: என்ன செய்வதற்கு என்று சொல்ல ‘டு’. ‘வி ஹயர்ட் டூ மென் டு ரிப்பேர் த ரூஃப்.’ கூரையைத் திருத்த இரண்டு பேரை எடுத்தோம்.

நான்காவது: எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல ‘ஃபார்’. நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் வந்தால் ஹோட்டல்களுக்குக் கூடுதல் கை தேவைப்படும். ‘தே ஹயர் எக்ஸ்ட்ரா ஸ்டாஃப் ஃபார் த சீசன்.’ நாள் கூலிக்கு என்றால் ‘பை த டே’. தோட்டத்தில் பேர் பதியாமல் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க ஆள் கூப்பிடுகிறார்களே, அதற்கு ‘ஹயர்ட் பை த டே’ கச்சிதமாகப் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. தமிழில் ‘வேலைக்கு எடுத்தார்கள்’ என்பதால் ‘ஹயர்ட் மீ ஃபார் வேர்க்’ என்று சேர்க்கத் தோன்றும். வேலை என்பது ஹயருக்குள்ளேயே இருக்கிறது, மறுபடி சொல்ல வேண்டாம்.

படி 6: பக்கத்து வீட்டுச் சொற்கள்

ஹயரும் எம்ப்ளாயும் ஒன்றென்று நினைப்பது சகஜம். ஹயர் ஒரு நாள் சங்கதி. எம்ப்ளாய் அதற்குப் பிறகு ஓடும் காலம். தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் பேர் போட்ட அன்று நடந்தது ஹயர். அன்றிலிருந்து பென்ஷன் வயது வரை தினமும் பெரட்டுக்குப் போய் நின்றது எம்ப்ளாய். அதனால் ‘தே ஹயர்ட் மீ இன் 2019’ சரி. ‘ஐ ஹாவ் பீன் ஹயர்ட் சின்ஸ் 2019’ தவறு. தொடர்ந்து இருப்பதைச் சொல்ல ‘ஐ ஹாவ் பீன் எம்ப்ளாய்ட் ஹியர் சின்ஸ் 2019’, அல்லது இன்னும் சுலபமாக ‘ஐ ஹாவ் பீன் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’.

‘அப்பாயின்ட்’ என்பது நியமனம். ஆசிரியர், கிராம சேவகர், தபால் அதிபர் மாதிரி அரச பதவிகளுக்கு ஹயர் போடாதீர்கள். ‘ஷி வாஸ் அப்பாயின்ட்டட் ஆஸ் எ டீச்சர்’ என்பதுதான் மரியாதையான, சரியான வழக்கு. டீச்சரை ஹயர் பண்ணினார்கள் என்றால் டியூஷனுக்குக் காசு கொடுத்துப் பிடித்த மாதிரி ஒலிக்கும்.

‘ரெக்ரூட்’ என்பது ஆள் சேர்ப்பது: தேடுவது, வரவழைப்பது, பார்த்துத் தெரிவு செய்வது, அந்த ஓட்டம் முழுவதும். ஹயர் அதன் கடைசிப் புள்ளி. இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அப்பாயி ஞாபகம்தான். “எங்க பாட்டன ஆள் கட்டி இட்டாந்தாங்க” என்பார். கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய், முன்பணம் கொடுத்து, ஆட்களைக் கட்டிக்கொண்டு வந்த கதை. தோட்டத்து ஆங்கிலத்தில் அது ரெக்ரூட். அந்த முன்பணமே கடனாகித் தலையில் ஏறியது. கடன் இவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ கையில் இருக்கும். இன்னொரு தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆளை எடுக்க முடியும். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். ‘கட்டுவது’, ‘பிடிப்பது’, ‘எடுப்பது’, ‘சேர்ப்பது’ என்று நம்மிடம் எத்தனை வினைகள்! ஒவ்வொன்றிலும் ஆளுக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்பது தெரிகிறது. ஹயர் என்ற சொல்லில் அது தெரியாது.

சரி, எதிர்ச்சொற்களுக்கு வருவோம். ‘ஃபயர்’ என்றால் வேலையை விட்டுத் துரத்துவது, பெரும்பாலும் ஆளின் குற்றத்துக்காக. ‘பத்துச்சீட்டு (வேலையிலிருந்து விலக்கும் சீட்டு) குடுத்துட்டாங்க’ என்று பழைய ஆட்கள் சொல்லும் தொனி இதில் உண்டு. ‘லே ஆஃப்’ என்றால் வேலை இல்லாததால் நிறுத்துவது, ஆள் மேல் பிழை இல்லை. விண்ணப்பத்தில் இந்த வித்தியாசம் முக்கியம். கம்பனி மூடியதால் வேலை போன ஒருவர் ‘ஐ வாஸ் ஃபயர்ட்’ என்று எழுதித் தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்ளக் கூடாது. அப்புறம், ரிடையருக்கும் ஹயருக்கும் சொந்தம் ஏதும் இல்லை. மறுபடி வேலைக்கு எடுப்பது ‘ரீஹயர்’. ஓய்வு பெறுவது ‘ரிடையர்’. காதில் ஒன்று போல விழுந்தாலும் ஒன்று உள்ளே கூப்பிடுவது, மற்றது வெளியே அனுப்புவது.

படி 7: விளம்பரத்தைப் படிப்பது

‘வி ஆர் ஹயரிங்’ என்றால் ஆட்களை எடுக்கிறோம். ‘நவ் ஹயரிங்’ என்றாலும் அதேதான். யாரை என்பது பின்னால் வரும்: ‘ஹயரிங் வெய்ட்டர்ஸ்’. ‘நியூ ஹயர்’ என்பது புதிதாகச் சேர்ந்தவர். இங்கே ஹயர் பெயர்ச்சொல், ஆனால் அது ஆள், ஆட்டோப் பயணம் இல்லை. ‘ஷார்ட்லிஸ்டட்’ என்று மெசேஜ் வந்தால் வேலை கிடைத்துவிட்டது என்று பாற்சோறு பொங்க வேண்டாம். பெயர் பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான்.

‘அர்ஜென்ட் ஹயரிங்’ என்று வெளிநாட்டு வேலைக்கு வரும் விளம்பரங்களில் மொழியைப் பார்ப்பதற்கு முன் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் பாருங்கள். முகவர் நிலையங்களுக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி வேண்டும். இலக்கம் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஆங்கிலமானாலும் தள்ளி வையுங்கள்.

உள்ளூர் வேலையானால், ‘யூ ஆர் ஹயர்ட்’ என்று வாயால் சொன்னதோடு திரும்பி வராதீர்கள். நியமனக் கடிதம் கேளுங்கள். அதில் சேரும் திகதி, சம்பளம், பயிற்சிக் காலம் இருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டுவார்கள், அவர்கள் குறைந்தது 12 சதவீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதம் அவர்கள் பங்கு, அதை உங்களிடம் வெட்டக் கூடாது. சேர்ந்த திகதியைப் பத்திரமாக வையுங்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தியானால் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். அந்தக் கணக்கு ஓடத் தொடங்குவது உங்களை ஹயர் பண்ணிய நாளிலிருந்து.

படி 8: அந்த ஒரு கேள்வி

‘ஒய் ஷுட் வி ஹயர் யூ?’ உங்களை நாங்கள் ஏன் எடுக்க வேண்டும்? ஆங்கிலத்தில் நடக்கும் நேர்முகத் தேர்வுகளில் இது அடிக்கடி வரும். நம் பிள்ளைகள் இதில் வாயடைத்துப் போவது சொல் தெரியாமல் அல்ல. தன்னைத் தானே புகழ்வது நமக்குக் கூச்சம். பெரியவர்கள் முன்னால் ‘நான் நல்லா செய்வேன்’ என்று சொன்னால் வாய்க்கொழுப்பு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் ‘மை ஃபாமிலி இஸ் புவர், சார், ப்ளீஸ் ஹயர் மீ’ என்று முடிந்துவிடுகிறது. கஷ்டம் உண்மைதான். ஆனால் கேள்வி அது இல்லை. கூலி கொடுத்து எடுப்பதுதானே ஹயர்? கொடுக்கிற கூலிக்கு என்ன கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள்.

பதிலில் மூன்று விஷயம் போதும்: என்னால் முடிவது ஒன்று, அதற்கு ஒரு சான்று, அது உங்களுக்கு எப்படி உதவும். அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து தேடினோம். “எனக்கு ஒண்ணும் தெரியாது சேர்” என்றுதான் ஆரம்பித்தாள். துருவித் துருவிக் கேட்டதில் ஒன்று வெளியே வந்தது. லீவு நாட்களில் சித்தப்பாவின் கடையில் நிற்பாள். அங்கே சிங்களமும் தமிழும் பேசியாக வேண்டும், வழி கேட்டு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் அவள்தான். இது ஒன்றும் இல்லாததா? எழுதினோம்:

‘ஐ ஸ்பீக் தமிழ், சிங்களா அண்ட் சம் இங்கிலிஷ். ஐ யூஸ் ஆல் த்ரீ இன் மை அங்கிள்ஸ் ஷாப். ஐ கேன் டாக் டு யுவர் கெஸ்ட்ஸ் அண்ட் டு யுவர் கிச்சன் ஸ்டாஃப்.’

மூன்று வரி. ஹயர் என்ற சொல் எங்கும் இல்லை. ‘சம் இங்கிலிஷ்’ என்பதில் அந்த ‘சம்’மை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். இருப்பதை இருக்கிறபடி சொல்கிறவரை நம்பலாம் என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றும்.

பத்து நாள் கழித்து இரவு ஏழரைக்குப் போனில் ஒரு மெசேஜ். ‘சேர், ஐ காட் த ஜாப்.’ அதன் கீழேயே தமிழில் இன்னொன்று: ‘யூனிஃபார்ம் அவங்க குடுப்பாங்களா, நாமளே தைக்கணுமா?’

நியமனக் கடிதத்தைப் பார் என்று பதில் போட்டேன்.